கண்டுபிடித்தவர் பெயர்

ஒரே செவ்வாய்க்கிழமையில் முஹ்சினாவுக்கு இரண்டு தாள்கள் வந்தன. காலையில் வந்தது அவளை மேடைக்கு அழைத்தது. மத்தியானம் வந்தது அவளைத் திருடி என்றது.

காலைத் தாளைக் கையோடு கொண்டுவந்தவர் தமிழழகன், தொழில் வளர்ச்சிப் பிரிவின் இளம் அதிகாரி. கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் அந்த மோட்டார் கடைக்கு ஓர் அதிகாரி தானாகவே ஸ்கூட்டரில் வந்து இறங்கியதே பெரிய அதிசயம். கடை அவள் அண்ணன் சுபைருடையது. முன்னால் அவன் உட்கார்ந்து பம்பும் ஒயரும் ஸ்டார்ட்டரும் விற்பான். பின்னறையில் முஹ்சினா எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவாள், பழுதான மின்சுற்றுப் போர்டுகளைப் பிரித்துப் பரப்பிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பாள். பாலிடெக்னிக் படித்தவள். கல்யாணம் ஒத்துவராமல் நாலாம் வருஷமே பெட்டியோடு திரும்பி வந்தவள். முப்பத்தாறு வயதில் தனக்கென்று அவள் சொல்லிக்கொள்ள இருந்தது அந்தப் பின்னறையும், அங்கே பிறந்த ஒரு இயந்திரமும்தான்.

“மேடம், அடுத்த மாசம் பதினாலாம் தேதி டெல்லியிலருந்து மந்திரி வர்றாரு,” என்றார் தமிழழகன், நின்றபடியே. “மாவட்டத்துக்கு ஒருத்தரத் தேர்ந்தெடுத்திருக்காங்க. நம்ம மாவட்டத்துக்கு நீங்க. உள்நாட்டுத் தொழில்நுட்பம்னு பட்டயம் குடுத்து, அரசாங்கமே நூறு மெஷினுக்கு ஆர்டரும் குடுக்குது. முன்னெல்லாம் இதுக்கு மூணு வருஷம் அலையணும். இப்ப சீர்திருத்தம் பண்ணி ஒரே ஃபாரம், முப்பதே நாள். இதுல மட்டும் டிக் பண்ணி ஒரு கையெழுத்து.”

அவர் சொன்னதில் பீற்றல் இல்லை. உண்மையாகவே நம்பினார். அலுவலகத்தில் கோப்புகள் தூசி படிந்து கிடந்த காலத்தில் தன் தகப்பனார் ஒரு கடனுக்காக நடையாய் நடந்ததைப் பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்.

முஹ்சினா தாளை வாங்கிப் படித்தாள். கடைசிப் பத்தியில் கண் நின்றது. ‘இந்தக் கண்டுபிடிப்பில் நம் நாட்டின் எல்லையை ஒட்டிய அயல்நாட்டவர் எவருடைய பங்கும் இல்லை என உறுதி கூறுகிறேன்.’ பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“படிச்சிட்டுத் தரேங்க,” என்றாள்.

“டைம் எடுத்துக்குங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள,” என்று சொல்லிவிட்டு, சுபைர் வாங்கிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

மத்தியானத் தாள் சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. அவளுடைய காப்புரிமை விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாலினி அனுப்பியிருந்தாள். வடக்கே அரவை இயந்திரம் செய்கிற ஒரு பெரிய கம்பெனி, முஹ்சினாவுக்குக் காப்புரிமை தரக்கூடாது என்று எதிர்ப்பு மனு போட்டிருந்தது. இவள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சீனாவில் ஏற்கெனவே வெளியான ஒன்றைப் பார்த்து எழுதிவிட்டாள் என்பது மனுவின் சாரம். சாட்சிக்கு அந்தச் சீனக் காப்புரிமையின் நகல் இருந்தது. அவள் விண்ணப்பித்ததற்கு ஐந்து மாதம் முன்பே வெளியானது.

எழுத்து அவளுக்குப் புரியவில்லை. படம் புரிந்தது. அது அவள் கையால் வரைந்த படம். இடது மூலையில் திருகாணித் துளை ஒன்று கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அன்றைக்கு மின்சாரம் போய், டார்ச் வெளிச்சத்தில் அளவுகோல் நகர்ந்துவிட்டது. அந்தக் கோணலைக்கூடத் திருத்தாமல், சீனாவில் அவளுக்குப் போர்டு செய்துதந்த தொழிற்சாலைக்காரர்கள் அப்படியே எடுத்திருந்தார்கள்.

அவள் காது மடல் சூடானது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். கோபம் அவளுக்கு ஒரு விதத்தில் சுகமாகக்கூட இருந்தது. திருடியது அவர்கள், பறிகொடுத்தது இவள். அதில் குழப்பமே இல்லை. அந்தச் சுகம் ஷாலினி தொலைபேசியில் கூப்பிடும்வரைதான் நீடித்தது.

“பயப்படாதீங்க, சட்டத்துல வழி இருக்கு,” என்றாள் ஷாலினி. “உங்ககிட்டருந்து எடுத்துட்டுப் போய், உங்களுக்குத் தெரியாம அவங்க வெளியிட்டிருந்தா, அது உங்களுக்கு எதிரா நிக்காது. ஆனா யோசனை இங்கருந்துதான் அங்க போச்சுன்னு நாம காட்டணும். அப்ப அவங்களோட நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கா?”

“இருக்கு.”

“எல்லாத்தையும் அனுப்புங்க. ஒண்ணு விடாம. நடுவுல ஒண்ணு காணாம இருந்தா எதிர்ப்பக்க வக்கீல் அங்கதான் பிடிப்பாரு.”

முஹ்சினா சரி என்று போனை வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ஏனென்றால் அந்தக் கடிதங்களில் ஒன்றில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. சாமையின் உமியை நீக்குவது லேசான காரியம் இல்லை. காய்ந்த சாமையாக இருந்தால் ஒரு வேகம், ஈரம் தங்கியிருந்தால் வேறு வேகம். கொஞ்சம் தப்பினாலும் பாதி குருணையாகிவிடும், இல்லையென்றால் உமி அப்படியே நிற்கும். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பெரியநாயகி என்பவளின் மகளிர் குழு ஒரு இயந்திரம் வைத்திருந்தது. அதன் மோட்டார் மூன்று முறை எரிந்தது. மூன்று முறையும் முஹ்சினாதான் பஸ்ஸில் ஏறிப் போய்ச் சரிசெய்தாள். மூன்றாவது முறை அங்கேயே நின்று பார்த்தபோது, தானியம் தட்டில் மோதும் சத்தம் ஈரமானதற்கு ஒரு மாதிரியும் காய்ந்ததற்கு ஒரு மாதிரியும் மாறுவதைக் கவனித்தாள். அந்தச் சத்தத்தை இயந்திரமே கேட்டு, தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொண்டால் என்ன? இது அவளுடைய யோசனை. இதில் யாருக்கும் பங்கில்லை.

ஒரு மைக்கை வைத்துப் போர்டு ஒன்று வரைந்தாள். செய்துதரச் சீனாவில் ஒரு தொழிற்சாலை கிடைத்தது. அங்கே அவளோடு பேசிய பெண் பொறியாளர் பெயர் லியூ யான். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். இருந்தாலும் போர்டைப் பற்றிப் பேசும்போது அந்தக் குறை தெரியாது. முஹ்சினா யோசனையை விளக்கி முதலில் எழுதியது மின்னஞ்சலில். அப்புறம் செல்போனில் ஒரு செயலி வழியே படம் அனுப்புவார்கள், குரல் அனுப்புவார்கள், சில சமயம் முகம் பார்த்தும் பேசுவார்கள்.

மைக் வைத்த போர்டு கடையில் ஓடியது, மலையில் ஓடவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் அதையும் தானியம் என்று எடுத்துக்கொண்டு பைத்தியம் பிடித்ததுபோல் வேகத்தைக் கூட்டிக் குறைத்தது. ஒரு பருவம் முழுக்க முஹ்சினா அதோடு மல்லுக்கட்டினாள்.

அந்த நேரத்தில்தான் லடாக் எல்லையில் மோதல் நடந்தது. நாடு கொதித்தது. கள்ளக்குறிச்சி நாலுமுனைச் சந்திப்பில் யாரோ ஒரு சீன டிவியைப் போட்டு உடைத்தார்கள். அந்தச் செயலி ஒரே உத்தரவில் தடை செய்யப்பட்டது. பேசியதெல்லாம் அதோடு போனது. அவளுக்கு வரவேண்டிய போர்டுகள் சென்னைத் துறைமுகத்தில் பெட்டியோடு கிடந்தன. இந்திய ஆர்டர்கள் நின்றதும் லியூ யானைத் தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, வேலையில்லாமல் தன் ஊரில் உட்கார்ந்திருந்த லியூ யான் சொந்த முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நாலே வரி. ‘மைக்கை எடுத்துவிடு. அதிர்வை உணரும் சின்ன வில்லைகள் இரண்டு வாங்கு. ஒன்றை மோட்டார் மேல் ஒட்டு, மற்றதைத் தட்டின் கூட்டில் ஒட்டு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவது தானியம் மட்டும்தான்.’

அப்படியே செய்தாள். அடுத்த மழையில் அந்த இயந்திரம் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் போர்டு செய்து வாங்க முஹ்சினா முழுப் படத்தையும் பழைய தொழிற்சாலைக்கே ஒரு சென்னை வியாபாரி மூலம் அனுப்பினாள். முதலாளி அதைத்தான் தன் பேரில் பதிந்து வெளியிட்டான். அது தெரியாமல் ஐந்து மாதம் கழித்து இங்கே இவள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாள். ஃபாரத்தில் ‘கண்டுபிடித்தவர் பெயர்’ என்று ஓரிடம் இருந்தது. பேனா ஒரு நிமிஷம் நின்றது. பக்கத்தில் சுபைர் இருந்தான்.

“சீனாக்காரி பேர அதுல எழுதி வெச்சேன்னா இன்னா ஆவும்னு தெரியுமா? குப்பையில கடாசிருவான்,” என்றான்.

முஹ்சினா தன் பெயரை மட்டும் எழுதினாள். அன்றைக்கு அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. வேலை முழுக்கத் தன்னுடையது, அந்தப் பெண் நாலு வரிதானே எழுதினாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த நாலு வரிதான் அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. யோசனை இங்கேயிருந்துதான் அங்கே போனது என்று காட்டக் கடிதங்கள் வேண்டும். கடிதங்களைக் காட்டினால், யோசனையின் உயிர்நாடி யார் எழுதியது என்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

புதன்கிழமை காலை கடைக்கு எதிரே ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. வார்டுக் கட்சிக்காரர்கள் வைத்தது. யாரோ கல்யாணத்தில் எடுத்த அவள் படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் மூவண்ணக் கொடி பறக்க, ‘சீனத்தை வென்ற கள்ளக்குறிச்சி மகளே வருக’ என்று எழுதியிருந்தார்கள். கரும்பு லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால், “நீங்கதானே அது?” என்று கேட்டார்கள். முஹ்சினா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அன்று மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து சுபைரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதும் சுபைர் பின்னறைக்கு வந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அவங்களே மெஷினு செஞ்சி இந்தியா பூரா விக்கறாங்களாம். நம்ம பேருதான் இருக்கும். மந்திரி கையால பட்டயம் வாங்கட்டும், மறுநாளே ஒப்பந்தம்ன்றாங்க. இன்னும் அந்த ஃபாரத்துல கையெழுத்து போடலியா நீ?”

முஹ்சினா லியூ யானின் நாலு வரி மின்னஞ்சலைத் திறந்து அவனிடம் காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். முடித்ததும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

“எல்லாத்தையும் அழிச்சிரு,” என்றான்.

“அண்ணே, அழிச்சா கேஸ்ல தோத்துருவேன்.”

“அப்போ இந்த ஒண்ண மட்டும் அழி.”

“நடுவுல ஒண்ணு காணம்னா அங்கதான் புடிப்பாங்களாம்.”

“இன்னாதான் பண்ணப் போற?”

“தெரியல.”

சுபைர் குரலைத் தாழ்த்தினான். வெளியே வாடிக்கையாளர் யாரும் இல்லை, இருந்தும் தாழ்த்தினான். “முஹ்சினா, நான் சொல்றத நல்லாக் கேளு. ஏற்கெனவே நம்ம பேரப் பாத்தே நாலு கேள்வி ஜாஸ்தி கேக்கறானுங்க. அத்தா காலத்துலருந்து இந்தத் தெருவுல யாரு வாயிலயும் விழாம கட நடத்திக்கினு வரோம். இப்பதான் மொத மொறையா கொடியப் போட்டு நம்ம படத்த வெச்சிருக்கான். அதுக்குப் பக்கத்துல சீனாக்காரி பேரு வந்துச்சுன்னா, நாளைக்கி இதே ஃபிளெக்ஸ்காரன் கடைக்கி முன்னால வந்து நின்னு இன்னா கேப்பான்னு யோசிச்சியா?”

அவள் யோசித்திருந்தாள். அதைத்தான் முதலில் யோசித்தாள். காயில் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தாள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கை தப்பிப்போய் அவிழ்த்து மறுபடி சுற்றினாள், மறுபடி தப்பியது.

அன்று சாயங்காலம் லியூ யானுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நாலு வருஷமாக எழுதவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. முதலில் எழுதியதில் தொழிற்சாலை முதலாளியைத் திட்டியிருந்தாள், அழித்தாள். அடுத்ததில் மன்னிப்பு நீளமாக இருந்தது, அதையும் அழித்தாள். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி, ‘உன் கடிதத்தைக் காட்டினால் உனக்கு அங்கே ஆபத்து வருமா? உன் பெயரை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை’ என்று முடித்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை பதில் வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை தமிழழகனிடம் திங்கள்வரை தவணை கேட்டாள். கொடுத்தார். கடையில் இருப்புக்கொள்ளவில்லை. பெரியநாயகி ஒரு பெல்ட் மாற்ற வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சாக்காக வைத்து வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கூரையில் மழை இரைந்தது. பேச்சுக்கே கத்த வேண்டியிருந்தது. உள்ளே தானியம் மாத்திரம் சீராக விழுந்துகொண்டிருந்தது. தட்டின் கூட்டில் ஒட்டியிருந்த வில்லையை முஹ்சினா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பெரியநாயகி இயந்திரத்தை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தின் உமித்தூசியைத் துடைத்தாள். “வாக்கா. மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்குது? டவுன்ல உன் படத்தப் பெருசா வெச்சிருக்காங்களாமே. எங்க வூட்டுக்காரு பாத்துட்டு வந்து சொல்லிச்சி.”

“ஆமா, வெச்சிருக்காங்க.”

“சீனாக்காரன ஜெயிச்சிட்டியாமே? எதுல?”

முஹ்சினாவுக்குச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றது. பெல்ட்டை மாட்டும்போது பெரியநாயகி பக்கத்தில் குந்தி ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா, அந்தச் சீனாப் பொண்ணு இன்னா ஆச்சிக்கா? நீ போன்ல காட்டினியே. நம்ம கோழி மெஷினு மேல ஏறி நின்னதப் பாத்துட்டு உழுந்து உழுந்து சிரிச்சிதே. மழையில ஓடலன்னு நீ அயுதப்போ, நான் பாத்துச் சொல்றேன்னுச்சே. அப்பால அதுதானே வழி சொல்லிச்சி?”

“உனக்கு எப்பிடித் தெரியும் அது சொன்னதுன்னு?”

“நீதானேக்கா சொன்ன! அந்த ரெண்டு வில்லைய எடுத்துக்கினு வந்த அன்னிக்கி. ‘யான் சொல்லிச்சி, கழிச்சிப் பாரு, மிஞ்சறது சாமைன்னு’ன்னு குதிச்சிக்கினு வந்தியே.”

ஸ்பானர் வழுக்கி முஹ்சினாவின் விரல் முட்டியில் அடித்தது. வலியில் கண் கலங்கியது. பெரியநாயகி அதை வலி என்றுதான் நினைத்து ஈரத்துணி எடுக்க ஓடினாள். தான் அப்படிச் சொன்னதை முஹ்சினா சுத்தமாக மறந்திருந்தாள். அந்தக் காப்புரிமை ஃபாரத்தை நிரப்புவதற்கு முன்னால், இதே கொட்டகையில், இதே இடத்தில், யாரும் கேட்காமலே அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். பின்னால்தான் மறந்துபோயிருக்கிறாள், அல்லது மறக்க விரும்பியிருக்கிறாள்.

இறங்கும் பஸ்ஸில் போனுக்கு சிக்னல் இல்லை. கோமுகி அணை கண்ணில் பட்ட இடத்தில்தான் சிக்னல் வந்தது. வந்ததும் பதிலும் வந்திருந்தது.

‘முஹ்சினா, உன் கடிதம் என் பழைய முகவரியில் கிடந்தது. அதை நான் எப்போதாவதுதான் திறக்கிறேன். நான் இப்போது வியட்நாமில் இருக்கிறேன். அமெரிக்கா எங்கள் நாட்டுச் சரக்குக்கு வரி போட்டதும் தொழிற்சாலைகள் எல்லை தாண்டி இங்கே வந்துவிட்டன. நானும் பின்னாலேயே வந்தேன்.

‘அந்த முதலாளி செய்தது எனக்குத் தெரியும். எங்கள் நகரத்தில் ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை காப்புரிமை காட்ட வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். காட்டினால் சலுகை. அவர் பதினொன்று காட்டினார். உன்னுடையது அதில் ஒன்று.

‘நீ என் பெயரை எழுதவில்லை என்பதும் தெரியும். உன் விண்ணப்பம் வெளியானபோதே தேடிப் படித்தேன். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு வேலை தேட வேண்டியிருந்தது.

‘எனக்கு இங்கே ஆபத்து இல்லை. நான் அப்போது யாருக்கும் வேலை செய்யவில்லை, அந்தக் கடிதம் என்னுடையது. கொடு. என் பெயரையும் போடு. குடும்பப் பெயர் முன்னால் வரவேண்டும்: லியூ யான். யான் லியூ என்று எழுதிவிடாதே. அது சரி, மழையில் வேலை செய்ததா இல்லையா? அதை நீ கடைசிவரை சொல்லவே இல்லையே.’

முஹ்சினா அதை மூன்று முறை படித்தாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பஸ்ஸிலேயே பதில் அனுப்பினாள். ‘செய்கிறது. இன்றைக்குக்கூடப் பார்த்தேன்.’

திங்கட்கிழமை அவளே தமிழழகனின் அலுவலகத்துக்குப் போனாள். ஃபாரத்தை மேசைமேல் வைத்து, அந்த நாலு வரியையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் படித்தார். அவர் முகத்தில் ஒளி குறைந்துகொண்டே போனதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“மேடம், இத நீங்க என்கிட்ட காட்டாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “இல்ல, காட்டினது சரிதான். ஆனா என் கையில ஒண்ணும் இல்ல. சிஸ்டத்துல ஆம், இல்லன்னு ரெண்டே கட்டம்தான். விளக்கம் எழுத இடமே வைக்கல. பழைய ஃபாரத்துல குறிப்புன்னு ஒரு பத்தி இருந்துச்சு. அதனாலதான் தாமதம் ஆகுதுன்னு சீர்திருத்தத்துல எடுத்துட்டாங்க. எடுக்கணும்னு எழுதி அனுப்பினவங்கள்ல நானும் ஒருத்தன்.”

“அப்போ ஆம்ல டிக் பண்றேன்.”

“ஆம்னா, பங்கு இல்லன்னு அர்த்தம். இல்லன்னாதான் பங்கு இருக்குன்னு.”

 முஹ்சினா ‘இல்லை’ கட்டத்தில் டிக் செய்து கையெழுத்துப் போட்டாள். அவர் அதைக் கணினியில் ஏற்றினார். அடுத்த நொடியே திரையில் சிவப்பாக ‘தகுதியின்மை’ என்று வந்தது. முப்பது நாள்கூட ஆகவில்லை.

பதினாலாம் தேதி மந்திரி வந்தார். வேறொரு மாவட்டத்தில் தேர்வானவரைக் கூட்டிவந்து மேடையேற்றினார்கள். ஃபிளெக்ஸ் அதற்கு முந்தின நாளே காணாமல் போயிருந்தது. சுபைர் பயந்தபடி யாரும் கடை முன்னால் வந்து நிற்கவில்லை. ஆனால் கட்சிக்காரர் ஒருவர் பம்பு வாங்குவதுபோல வந்து, “உன் தங்கச்சி ஏம்பா இப்பிடிப் பண்ணுது? நல்லது செய்ய வந்தா கெடுத்துக்குதே,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூர் ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். சுபைர் இரண்டு வாரம் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுக்கு மாத்திரம், “வா” என்பான்.

அந்த இரண்டு வாரமும் முஹ்சினா எடுத்த வேலை எதையும் முடிக்கவில்லை. சரியானதைச் செய்தவளுக்கு நிம்மதி வரும் என்பார்கள், அவளுக்கு வரவில்லை. பாதி சாப்பாட்டில் எழுந்தாள். பிரித்த போர்டைப் பூட்டாமல் அடுத்ததைப் பிரித்தாள். ஷாலினி எல்லாக் கடிதங்களையும் வாங்கிக்கொண்டு, கண்டுபிடித்தவர் பெயரில் இன்னொருவரைச் சேர்க்க மனு எழுதினாள். லியூ யான் வியட்நாமிலிருந்து கையெழுத்திட்ட தாள்கள் கூரியரில் வர இருபத்திரண்டு நாள் ஆனது. பெயர் சரியான வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவற்றிலும் ஒரு தனிக் குறிப்பு எழுதியிருந்தாள்.

விசாரணை ஒரு பிப்ரவரி நாளில், கணினித் திரை வழியாக. பதினொரு மணிக்கு. பத்தரைக்குத் தெருவில் மின்சாரம் போனது. முஹ்சினா மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றபோது, சுபைர் விற்பனைக்கு வைத்திருந்த புது இன்வெர்ட்டரின் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேட்டரியைத் தூக்கிவந்து பின்னறையில் இணைத்தான். பிறகு கடையின் முன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வந்தவர்களிடம், “ஒரு மணிக்கு மேல வாங்க,” என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொண்டான்.

எதிர்ப்பக்க வக்கீல் கண்ணாடி போட்ட பெரிய மனிதர். கடிதத்தைத் திரையில் காட்டினார். “இதன்படி கண்டுபிடிப்பின் மையக்கருத்து ஒரு சீனக் குடிமகளுடையது. விண்ணப்பதாரர் நான்கு வருடம் அதை மறைத்திருக்கிறார். மறைத்தாரா இல்லையா?”

ஷாலினி வாயைத் திறப்பதற்குள் முஹ்சினா முந்திக்கொண்டாள்.

“மறைச்சேங்க. பயந்துகினு எழுதாம உட்டுட்டேன். அது தப்பு. ஆனா சத்தத்தக் கேட்டு வேகத்த மாத்தறது என் யோசனை, அதுக்கு முன்னால நான் அந்தம்மாவுக்கு எழுதின கடிதமும் அங்கதான் இருக்கு. கழிக்கறது அந்தம்மாவோட யோசனை. ரெண்டும் சேர்ந்துதான் மெஷினு ஓடுது. சீனாவுல பதிஞ்சவரு ரெண்டுல எதையும் யோசிக்கல. அந்தப் படத்துல எடது பக்கம் ஓட்டை கோணலா இருக்குது பாருங்க. அது என் கை தப்பு. அவரு அதையும் சேர்த்துப் பதிஞ்சிட்டாரு.”

காப்புரிமை அதிகாரி ஒரு பெண்மணி. அதுவரை எழுதிக்கொண்டேயிருந்தவர் முதல் முறையாக நிமிர்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எழுத்து மூலம் கொடுங்கள்,” என்றார். 

உத்தரவு வர நாலு மாதம் ஆனது. பெயரை முதலிலேயே சொல்லாததற்கு அதிகாரி ஒரு பத்தி முழுக்கக் கண்டித்திருந்தார். சீனாவில் வெளியானது இவளுடைய படத்திலிருந்தே போனது என்பதை ஏற்றுக்கொண்டார். எந்தத் தானியத்துக்கும் எந்த இயந்திரத்துக்கும் என்று அகலமாகக் கேட்டிருந்த உரிமையைக் குறுக்கி, உமியுள்ள சிறுதானியத்துக்கு மட்டும் என்று அனுமதித்தார். கண்டுபிடித்தவர்கள்: முஹ்சினா கலீலுல்லா, லியூ யான்.

சுபைர் அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். “சாமைக்கி மட்டும்தானா?” என்றான்.

“தினைக்கும் குதிரவாலிக்கும்.”

“நூறு மெஷினு போச்சு.”

“போச்சுதான்.”

அவன் தாளை மடிக்காமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனான்.

இப்போது முஹ்சினா சென்னையில் ஒரு சின்னப் பட்டறையில் போர்டு செய்து வாங்குகிறாள். மாதத்துக்கு ஆறோ ஏழோதான் முடிகிறது. ஜவ்வாது மலையிலிருந்து ஒரு குழு கேட்டிருக்கிறது, ஏற்காட்டிலிருந்து ஒன்று. வடக்குக் கம்பெனி மேல்முறையீடு போடப்போவதாக ஷாலினி சொல்கிறாள். தமிழழகன் ஒரு நாள் வந்து, ஃபாரத்தில் குறிப்பு எழுத இடம் வேண்டும் என்று மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார். பதில் வரவில்லையாம். இந்த முறை டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

போன வாரம் லியூ யானிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. அங்கே வியட்நாம் மலைப்பகுதியில் காப்பிக்கொட்டையின் தோல் நீக்கும் இயந்திரத்தின் சத்தம். ஈரக் கொட்டைக்கும் காய்ந்ததற்கும் சத்தத்தில் வித்தியாசமே தெரியவில்லை, கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை, உனக்கு ஏதாவது கேட்கிறதா என்று எழுதியிருந்தாள். முஹ்சினா காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். எழுந்து நடந்துகொண்டே கேட்டாள். பிறகு முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், “அண்ணே, அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்து,” என்றாள்.

“இன்னா புழுக்கத்துல ஃபேன நிறுத்தச் சொல்ற?”

“அஞ்சே நிமிஷம்.”

சுபைர் முணுமுணுத்தபடியே சுவிட்சைத் தட்டினான்.